பதிவேட்டில் எழுதாமல் ஞானஸ்நானம் தர முடியுமா, சாமி?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



ஆகஸ்ட் 10 புனித லாரன்சின் திருவிழா. 258ஆம் ஆண்டு, வலேரியன் பேரரசனின் காலத்தில் உரோமையில் உயிரைக் கொடுத்த திருத்தொண்டர் அவர். திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துஸ் கொல்லப்பட்ட நான்காம் நாள் இவரையும் கொன்றார்கள். ஏழைகளுக்கு உதவி வழங்கும் பொறுப்பு இவர் கையில் இருந்தது. திருச்சபையின் செல்வத்தைக் கொண்டுவந்து ஒப்படை என்று அதிகாரி கேட்டபோது, ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்துப்போய் நிறுத்தி, இவர்கள்தான் எங்கள் செல்வம் என்று சொன்னாராம். மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் கேட்ட கதை.

இதே ஆகஸ்ட் 10ஐத்தான் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகவும் கடைப்பிடிக்கிறார்கள். திருவிழா அன்று எதற்குக் கறுப்புக் கொடி என்று பீடச் சிறுவன் ஒருவன் ஒருமுறை என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், நான் பதில் சொல்ல முடியாமல் நின்ற இன்னொரு கேள்வியைச் சொல்கிறேன்.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய் சக்ரிஸ்தி வாசலில் நின்றிருந்தார். என்னம்மா என்றேன். "கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும் சாமி. ஆனா, பதிவேட்டுல எழுதாம தண்ணி மட்டும் ஊத்த முடியுமா?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், ஏதோ தப்பு செய்கிறவரைப் போல.

அவர் எதற்குப் பயந்தார் என்பது நம் காலனிகளில் இருக்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

யார் யார் பட்டியல் சாதியினர் என்று அறிவிக்கும் அதிகாரத்தை நம் அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்குத் தருகிறது. அப்படி வந்த ஆணை 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்டது. அதன் 3ஆம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. வெள்ளைக்காரன் காலத்து 1936ஆம் ஆண்டு ஆணையும் இந்தியக் கிறிஸ்தவர்களை ஒதுக்கியே வைத்திருந்தது. பிறகு 1956இல் சீக்கியர்களுக்கும், 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். பழங்குடியினரின் பட்டியலில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு பழங்குடிக் குடும்பம் கிறிஸ்தவர்களானால் சான்றிதழ் மாறுவதில்லை. நம் குடும்பம் ஆனால் மாறிவிடுகிறது.

மாறினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஏரிப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் சாதிகளோடு, அந்த நிலத்தில் நாற்று நட்டவரின் மகள் கல்லூரி இடத்துக்குப் போட்டி போட வேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்க முடியாது. சாதியைச் சொல்லித் திட்டினாலும் அடித்தாலும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டால், முதலில் மதம் என்ன என்ற கேள்விதான் வரும். திட்டியவன் நம் மதத்தைக் கேட்டுவிட்டா திட்டினான்?

உத்திரமேரூர்க்காரர்களுக்குக் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பெருமை உண்டு. வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியது. வேட்பாளருக்கு என்ன தகுதி என்று அதில் இருக்கிறது: வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதப் படிப்பும் வேண்டும். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பாட்டன்மாரின் பெயர் எந்த ஓலையில் இருந்திருக்கும்? ஆயிரம் ஆண்டு கழித்து ஓர் அரசியல் சட்டம் வந்து, உங்கள் பெயரும் குடத்தில் விழும் என்றது. நம்மில் சிலருக்கு மட்டும், கழுத்தில் உள்ள சிலுவையைக் கழற்றிவிட்டு வா என்றது.

இதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, விரும்பிய மதத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. பணக்காரருக்கு அந்த உரிமை இலவசம். அவர் எந்தக் கோவிலுக்குப் போனாலும் வீட்டுப் பத்திரமும் வங்கிக் கணக்கும் அப்படியே இருக்கும். விலை கொடுக்கிறவர் கூலிக்காரர்.

சென்னையில் தெருவோரம் செருப்பு தைத்துப் பிழைத்த ஒருவர் இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். செருப்புத் தைப்போருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தொழில் செய்த இவர் கிறிஸ்தவரானதால் இவருக்கு இல்லை. 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் வரும் இழிவும் முடக்கமும் புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்வதாக நிரூபிக்க வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மத நிபந்தனையை நீக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நமக்காகத் தீர்மானம் போட்டது. 3ஆம் பத்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து போன வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்தது. திருமுழுக்குப் பெற்று, கோவிலுக்கும் போய்வரும் ஒரு பெண், வேலைக்காகத் தன்னை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆக, அந்தத் தாயின் பயம் வெறும் பயமில்லை. நம் பதிவேடு நீதிமன்றம் வரை போகக்கூடியதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். மனப்பூர்வமாகத் தாய்மதம் திரும்பி, சாதியினரும் ஏற்றுக்கொண்டால் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும் என்று வேறு தீர்ப்புகள் சொல்கின்றன. உள்ளே வருவதற்குச் சுங்கம், வெளியே போவதற்குப் பரிசு. மதச் சுதந்திரம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திறக்கும் கதவாக இருக்க வேண்டும்.

உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே, பிறகு ஏன் சாதிச் சலுகை என்று கேட்கிறார்கள். சீக்கிய மறையும் பௌத்தமும் சாதியை ஏற்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்தது சரிதான். அதே நியாயம் நமக்கும் பொருந்தும். ஆனால் இந்தக் கேள்வி நம்மைக் குத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பதில் சொல்ல வாயைத் திறந்தால், தனிக் கல்லறை ஞாபகம் வருகிறது. தேர் வராத தெரு ஞாபகம் வருகிறது. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அரசாங்கத்திடம் நீதி கேட்டுக் கறுப்புக் கொடி ஏற்றும் நாளில், கல்லறைச் சுவரை இடிக்காத பங்கு எந்த முகத்தோடு ஏற்றும்? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

லாரன்ஸ் திருவிழாவின் நற்செய்தி யோவான் 12ஆம் அதிகாரம், மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணி. நாற்றங்கால் விடுகிற நமக்கு விதைநெல் என்றால் புரியும். மடிந்தால்தான் பலன், சரி. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் விதைநெல்லை ஒரே வீட்டுக் குதிரிலிருந்து மட்டும் எடுத்து, அந்த வீட்டைப் பட்டினி போட்டால், அதைத் தியாகம் என்று யாராவது சொல்வார்களா? எல்லோருக்குமான விசுவாசத்தின் விலையை ஏழையிடம் மட்டும் வசூலித்துவிட்டு, அவரிடமே மறைசாட்சிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் கோவிலில் ஒரு பெயரும் வைத்திருக்கிற நம் பிள்ளைகளைப் பார்த்து, விசுவாசத்தை மறைக்கிறாயா என்று நான் அதட்டியதில்லை. பேதுரு குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கே ஆண்டவரைத் தெரியாது என்றார். ஆண்டவர் திரும்பி அவரைப் பார்த்தார். உயிர்த்தபின் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் வாட்டிக் கொடுத்து, சாப்பிட வைத்த பிறகுதான், என்னை அன்பு செய்கிறாயா என்று கேட்டார்.

அந்தத் தாய்க்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். பதிவேட்டில் எழுதாமல் திருமுழுக்கு தரத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதைச் சொன்னேன். எழுதினால் என்ன நடக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். குழந்தைக்கு ஆசி மட்டும் கொடுங்க சாமி என்றார். நெற்றியில் சிலுவை வரைந்தேன். "அவங்க அப்பாவக் கேட்டுட்டு வரேன்" என்று போனார்.

இன்னும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வருகிறார். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.