வீட்டு ஸ்டுடியோவுக்கு 90,000 ரூபா: லேப்டாப்பைக் கடைசியா பார்ப்போம்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணு நம்ம காரைக்குடியில இருந்தே வந்திருந்தது. ஒரு தம்பி. வார இறுதியில மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கிறாரு. அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்றேன்: “அண்ணே, சீட்டு எடுத்த காசு 90,000 கையில இருக்கு. 75,000-க்கு ஒரு கேமிங் லேப்டாப் பார்த்து வச்சிருக்கேன். மிச்ச காசுல ஒரு மைக். தங்கச்சி எட்டு வருஷமா கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவ. வர்ற தை மாசம் அவளுக்குக் கல்யாணம், அப்புறம் மலேசியா போயிடுவா. அதுக்குள்ள பத்துப் பாட்டு ரெக்கார்டு பண்ணணும். இந்தக் கணக்கு சரியா?”

சரியில்ல தம்பி. ஏன்னு இந்த எபிசோடு முழுக்கப் பேசலாம். சத்தம் எந்த வழியா போகுதோ அந்த வரிசையில காசும் போகணும். முதல்ல வாயிலிருந்து அறைக்கு, அங்கிருந்து மைக்குக்கு, அப்புறம் இன்டர்ஃபேஸ், அதுக்கும் பிறகுதான் கம்ப்யூட்டர். முன்னாடி கெட்டுப்போனதைப் பின்னாடி நிக்கிறவன் சரி பண்ண முடியாது. நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்க பாஷையில சொன்னா, குப்பையை உள்ள கொடுத்தா குப்பைதான் வெளிய வரும்.

அறையில இருந்து ஆரம்பிக்கலாம். செட்டிநாட்டுல இதுதான் பெரிய விஷயம். நம்ம பழைய வீடுகள்ல தரை ஆத்தங்குடி டைல்ஸ். சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு தேய்ச்ச சுண்ணாம்புப் பூச்சு. மேல உயரமான கூரை. பார்க்க அழகு, ஆனா மூணுமே சத்தத்தை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அடிக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம்னு ஒரு அறை எடுத்துக்கோங்க. சேபின் சூத்திரம்னு ஒண்ணு இருக்கு: அறையோட கன அளவை 0.161-ஆல பெருக்கி, அந்த அறை மொத்தமா உறிஞ்சுற அளவால வகுக்கணும். சத்தம் முழுசா அடங்க எத்தனை நொடி ஆகும்னு தோராயமா வந்துடும். நம்ம அறையோட கன அளவு 80, எல்லாப் பரப்பும் சேர்த்து 112 சதுர மீட்டர். இந்த மாதிரி கெட்டியான பரப்பு நூத்துல மூணு பங்குதான் உறிஞ்சும்னு வச்சா, விடை கிட்டத்தட்ட 3.8 நொடி. அவ்வளவு நேரம் ஒரு ஸ்வரம் அந்த அறைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். தங்கச்சி அடுத்த சங்கதிக்குப் போயிருப்பாங்க, முந்தின சங்கதி இன்னும் மைக்குக்குள்ள போய்க்கிட்டு இருக்கும்.

அதே அறையில பழைய இலவம் பஞ்சு மெத்தை, கனமான ஜமுக்காளம், பரண்ல கிடக்கிற போர்வைன்னு 20 சதுர மீட்டருக்கு நிறுத்தி மூடுங்க. அதுங்க அறுபது சதவீதம் உறிஞ்சும்னு வச்சா, கணக்கு 0.9 நொடிக்குக் கீழ இறங்கிடும். குரல் பதிவுக்கு இன்னும் குறையணும். அதனால பாடுறவங்களுக்குப் பின்னாடியும் ரெண்டு பக்கமும் மெத்தையை நெருக்கி நிறுத்துங்க. ஆன்லைன்ல முட்டை அட்டை மாதிரி விக்கிற மெல்லிசு ஃபோமை வாங்காதீங்க. அது உச்ச ஸ்தாயியை மட்டும் தின்னும், கீழ் சத்தம் அப்படியே நிக்கும்; குரல் டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். வீட்டுல சின்ன அறை எது, சாமான் அடைஞ்சு கிடக்கிறது எது, அதைத் தேடுங்க. நான் இந்த ஷோவைப் பேசுறதே வளவை ஒட்டின அப்படி ஒரு அறையிலதான், சுத்தி அரிசி மூட்டையும் துணி பீரோவும். ஒவ்வொரு அறையிலயும் நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. “டிங்”குன்னு வால் வந்தா அடுத்த அறை.

அப்போ அந்த வளவு வீணான்னு கேட்டா, இல்ல. அது உங்களுக்கு இலவசமா கிடைச்ச எக்கோ சேம்பர். ஹாலிவுட்ல கேபிடல் ஸ்டுடியோ காரங்க கட்டடத்துக்கு அடியில கான்கிரீட் அறைகள் கட்டி, ஒரு பக்கம் ஸ்பீக்கரும் இன்னொரு பக்கம் மைக்கும் வச்சு, பாடின குரலை அங்க ஒலிக்க விட்டு அந்த எதிரொலியைத் திரும்பப் பதிவு பண்ணிக்கிட்டாங்க. நீங்களும் செய்யலாம். குரலை மெத்தைக்கு நடுவுல சுத்தமா பதிவு பண்ணுங்க. ராத்திரி ஊர் அடங்கினதும் அதை வளவுல ஸ்பீக்கர்ல போட்டு, எதிர் மூலையில மைக் வச்சுப் பிடிங்க. இல்லன்னா வளவு நடுவுல ஒரு பலூனை வெடிச்சு, அந்தச் சத்தம் அடங்குற வரைக்கும் பதிவு பண்ணி வச்சுக்கோங்க. கன்வல்யூஷன் ரிவெர்ப்னு ஒரு வகை பிளக்கின் இருக்கு. அந்தப் பதிவை அதுல ஏத்தினா எந்தக் குரலையும் உங்க வளவுல பாடின மாதிரி ஆக்கிடும். எதிரொலியை அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் சேர்க்கலாம். குரலோட ஒட்டி வந்ததைப் பிரிக்கிறதுதான் பாடு.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்ல. காரைக்குடியில பிறந்த ஏ.வி. மெய்யப்பன் சென்னையில கிராமபோன் ரெக்கார்டு வித்துத்தான் தொழிலை ஆரம்பிச்சாரு. அவர் எடுத்த ‘நந்தகுமார்’ படம் வந்தது 1938-ல. நடிச்சவங்க வேற, பாடினவங்க வேறன்னு குரலைத் தனியா பதிவு பண்ணி ஒட்டின முதல் தமிழ்ப் படம்னு அதைத்தான் சொல்லுவாங்க. அப்புறம் போர்க்காலத்துல சென்னையில மின்சாரம் கிடைக்கிறது கஷ்டமா இருந்தப்போ, ஸ்டுடியோவை இங்க தேவகோட்டை ரஸ்தாவுல போட்டாரு. 1947-ல வந்த ‘நாம் இருவர்’ அங்க உருவான படம்தான். கோடம்பாக்கம் போனது அதுக்கு அப்புறம். கரண்டுக்காக சினிமாவே காரைக்குடி வந்த காலம் ஒண்ணு இருந்திருக்கு. இப்போ கரண்ட் போனா நாம என்ன சொல்றோம்னு விட்டுடுவோம்.

கரண்ட் பேச்சு வந்ததால எர்த்திங்கையும் சொல்லிடறேன். பழைய வீட்டு வயரிங்ல மூணாவது பின்னுக்கு உண்மையிலேயே எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்க. லேப்டாப்பைத் தொட்டா லேசா ‘ஜிவ்வு’ங்குதா, ஹெட்ஃபோன்ல ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல் நிக்காம வருதா, பெரும்பாலும் காரணம் அங்கதான் இருக்கும். அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேணாம். மூணு ஸ்குரூவும் ஒரு நல்ல ஆளும் போதும். அவசரத்துக்கு சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில பதிவு பண்ணுங்க, வித்தியாசம் உடனே தெரியும். ஃபேனை நிறுத்திட்டுத்தான் டேக். சித்திரை வெயில்ல ஃபேன் இல்லாம அரை மணி பாடுறது கொடுமைதான், அதனால நாலு நிமிஷ டேக், அஞ்சு நிமிஷ ஃபேன்னு போங்க. கோயில் திருவிழா சமயத்துல ஒலிபெருக்கிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல சட்டப்படி தடை. சட்டப்படி.

இப்போ மைக். அறை சுமாரா இருக்கிறவங்களுக்கு டைனமிக் மைக். ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி, மெல்லிசைக் குழுவுல தம்பி தினமும் பார்க்கிறதுதான். வாய்க்குப் பக்கத்துல இருக்கிறதைத்தான் நல்லா பிடிக்கும், எதிர் சுவர்ல என்ன நடக்குதுன்னு அவ்வளவா கேட்காது. கண்டென்சர் மைக் நுணுக்கமா பிடிக்கும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் உட்பட. அறையை அடக்கின பிறகு அதை வாங்கலாம். மைக்கைக் கம்ப்யூட்டரோட சேர்க்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் ரெண்டு இன்புட் இருக்கிறதா போதும். ஒண்ணு குரலுக்கு, ஒண்ணு கீபோர்டுக்கு.

அந்த இன்டர்ஃபேஸ் ஏன் அவசியம்னா, தாமதம். கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொத்துக் கொத்தா வாங்கும். அந்தக் கொத்துக்குப் பேரு பஃபர். நொடிக்கு 48,000 சாம்பிள்னு பதிவு பண்ணும்போது 128 சாம்பிள் பஃபர்னா 2.7 மில்லிசெகண்ட். 1,024 வச்சா 21 மில்லிசெகண்ட். உள்ள போக ஒரு தடவை, வெளிய வர ஒரு தடவை, மொத்தம் 42-க்கு மேல. காத்துல சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அப்போ 42-ங்கிறது 14 மீட்டர் தள்ளி நிக்கிற இன்னொரு தங்கச்சி இவங்க கூடவே பாடுற மாதிரி. தாளம் நிக்காது. ஆனா இதுக்காகப் பெரிய லேப்டாப் வாங்க வேண்டாம். நல்ல இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினா குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துடும். விண்டோஸ்னா கம்பெனி தர்ற ஏசியோ டிரைவரைப் போடுங்க. மேக்ல அந்த வேலையே இல்ல.

இனிமேதான் கம்ப்யூட்டர். 24 பிட், 48,000-ல ஒரு டிராக் ஒரு நிமிஷத்துக்கு சுமார் 8.6 எம்பி. அஞ்சு நிமிஷப் பாட்டு, இருபது டிராக்குன்னாலும் ஒரு ஜிபி ஆகாது. பதிவு பண்றதுங்கிறது கம்ப்யூட்டருக்கு அவ்வளவு லேசான வேலை. கனமானது சாம்பிள் லைப்ரரிங்க. வயலின் குழு, பியானோன்னு ஒவ்வொண்ணும் பல ஜிபி. அதுக்கு வேண்டியது ராமும் எஸ்எஸ்டியும்; கேமிங் லேப்டாப்ல நீங்க காசு கொடுக்கிற கிராஃபிக்ஸ் கார்டு பாட்டுக்கு ஒண்ணும் பண்ணாது, அதோட ஃபேன் மட்டும் உங்க பாட்டுல பின்பாட்டு பாடும். தம்பிகிட்ட ஏற்கெனவே ஐ5 லேப்டாப் இருக்குன்னு சொன்னாரு. ராமை 16 ஜிபி ஆக்குங்க, எஸ்எஸ்டி போடுங்க. புதுசாவே வாங்கணும்னு இருக்கிறவங்க மேக் மினியைப் பார்க்கலாம், சத்தமே வராது. ஆனா அதுக்கு பேட்டரி கிடையாது, யுபிஎஸ் செலவையும் சேர்த்துக்கோங்க.

கீபோர்டு, சின்தசைசர் பக்கம் வந்தா, எனக்கு ரொம்பப் பிடிச்ச சிக்கல் ஒண்ணு இருக்கு. மிடிங்கிற மொழி 1983-ல வந்தது. பியானோ கட்டையை மனசுல வச்சு செஞ்சது: எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போ விட்டாங்க. நம்ம கமகம் ரெண்டு கட்டைக்கு நடுவுல நடக்கிற விஷயம். அதுக்கு மிடியில இருக்கிற ஒரே வழி பிட்ச் பெண்ட் வீல். அதுல 16,384 படிகள் இருக்கு, நுணுக்கத்துக்குக் குறைவே இல்ல. ஆனா அது அந்த சேனல் முழுசையும் வளைக்கும். மூணு கட்டையை அழுத்தி ஒண்ணை மட்டும் அசைக்க முடியாது. இதைத் தீர்க்க எம்பிஇ-ன்னு ஒரு நீட்டிப்பு 2018-ல தரமா ஏத்துக்கப்பட்டது, ஒவ்வொரு விரலுக்கும் தனி வளைவு. ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல கோடம்பாக்கத்துல வீட்டுப் பின்புறம் ஸ்டுடியோ கட்டின ஆளு, இந்தத் தேடல்லதான் கட்டையே இல்லாத கன்டினியம் ஃபிங்கர்போர்டு வரைக்கும் போனாரு. நமக்கு அந்த விலை கட்டாது. ஆனா ராக ஆலாபனை ஒத்தை ஸ்வர வரிசைதானே. சின்தை மோனோ மோடுல வச்சு, இடது கை வீல்ல இருந்தா போதும், காம்போதி கூட வரும். அதனால கன்ட்ரோலர் கீபோர்டு வாங்கும்போது கட்டை எத்தனைன்னு எண்ணுறதுக்கு முன்னாடி, வீல் ஸ்பிரிங் எப்படித் திரும்புதுன்னு தொட்டுப் பாருங்க. தம்பி மேடையில வாசிக்கிற கீபோர்டுல வீலும் யுஎஸ்பி மிடியும் இருந்தா புதுசே வாங்க வேணாம்.

இன்னொண்ணு, ஸ்ருதி. பியானோ முறையில அந்தர காந்தாரம் 400 சென்ட். தம்புராவோட இயற்கையா சேர்றது சுமார் 386. அந்த 14 சென்ட் வித்தியாசம் தனியா கேட்டா தெரியாது. தம்புரா ஓடிக்கிட்டு இருக்க, சின்த் ஒரு காந்தாரமும் தங்கச்சி இன்னொரு காந்தாரமும் பிடிச்சா கட்டாயம் உறுத்தும். சர்ஜ் எக்ஸ்டின்னு ஓப்பன் சோர்ஸ் சின்த், முழுக்க இலவசம். ஸ்காலா ஃபைல்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல ஸ்வர அளவை எழுதிக் கொடுத்தா அந்த ஸ்ருதியிலயே வாசிக்கும், எம்பிஇ-யும் புரிஞ்சுக்கும். பெரிய விலை போட்ட நிறைய ஹார்டுவேர் சின்த்ல இது கிடையாது.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்னா என் தேர்வு ரீப்பர். 60 நாள் முழுசா பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். பழைய லேப்டாப்லயும் ஓடும். மேக்னா கராஜ்பேண்ட் இலவசமாவே இருக்கு. எஃப்எல் ஸ்டுடியோ பீட் போடுறவங்களுக்கு வேகம், குரல் பதிவுக்கு எனக்கு அது ஒத்து வரல. கிராக் வெர்ஷன் மட்டும் வேணாம். வைரஸை விடுங்க, தை மாசத்துக்கு முந்தின ராத்திரி புராஜெக்ட் திறக்கலைன்னா யாரைக் கேப்பீங்க?

ஆக தம்பி, 90,000-க்கு என் பங்கீடு இது, விலை கடைக்குக் கடை மாறும். அறைக்கும் எர்த்திங்குக்கும் 8,000. ராம், எஸ்எஸ்டிக்கு 8,000. மைக், இன்டர்ஃபேஸ், மூடின வகை ஹெட்ஃபோன், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 35,000. தேவைப்பட்டா கன்ட்ரோலர் கீபோர்டுக்கு 12,000. மொத்தம் 63,000. மிச்சம் 27,000-ஐத் தொடாதீங்க. அறை அடங்கினதுக்கு அப்புறம் மானிட்டர் ஸ்பீக்கர் பத்தி யோசிக்கலாம். இல்ல, பத்துப் பாட்டுல ரெண்டுக்கு நிஜ மிருதங்கம் வேணும்னு தோணும். அப்போ வாசிக்கிறவருக்குக் கொடுக்கக் கையில காசு இருக்கணும்.

அடுத்த வாரம் மிருதங்கத்துக்கு மைக் எங்க வைக்கிறதுன்னு பேசலாம். வளவு இருக்கிற வீட்டுக்காரங்க அதுக்குள்ள பலூன் வெடிச்சுப் பதிவு பண்ணி அனுப்புங்க, கேட்கிறதுக்கே ஆசையா இருக்கு.