சுண்டுவிரல் நோவு

நடக்கும் மனிதனின் எடை முதலில் குதிகாலில் இறங்குகிறது. அங்கிருந்து பாதத்தின் வெளிவிளிம்பு வழியே முன்னேறி, சுண்டுவிரலின் அடிமூட்டை எட்டி, பின்னர் உட்புறம் திரும்பிப் பெருவிரலைச் சேர்கிறது. பெருவிரல் நிலத்தை உந்த, அடுத்த அடி எழுகிறது. ஒரு நொடிக்கும் குறைவான பொழுதில் இவ்வளவும் நடந்து முடிகிறது. இதில் சுண்டுவிரலின் பங்கு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி என்னும் மூன்று முனைகளில்தான் பாதம் நிலத்தில் ஊன்றி நிற்கிறது. மூன்றில் ஒன்று நோவுற்றால் நடை கோணுகிறது. நடை கோணினால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என ஒவ்வொன்றும் தனக்குரியதல்லாத சுமையை ஏற்க நேர்கிறது.

உடற்கூற்றின்படி, பெருவிரல் நீங்கலாக மற்றக் கால்விரல்கள் ஒவ்வொன்றிலும் மூன்று சிற்றெலும்புகள் இருப்பது இயல்பு. சுண்டுவிரலில் மட்டும் நடுவெலும்பும் நுனியெலும்பும் பிரியாமல் ஒன்றாகவே அமைந்திருப்பது பலரிடம் காணப்படுகிறது. அது நோயன்று, இயற்கையில் உள்ள ஒரு வேறுபாடு. இவ்விரலுக்குப் பின்னே, பாதத்தின் வெளிவிளிம்பில் நீண்டு கிடப்பது ஐந்தாம் பாத எலும்பு. அதன் தலை சுண்டுவிரலோடு மூட்டாக இணைகிறது. அதன் அடி, பாதத்தின் நடுப்பகுதியில் வெளிப்புறம் புடைத்துக் கைக்குத் தட்டுப்படும். சுண்டுவிரல் வலிக்கிறது என்று சொல்லி வருவோருள் பலர் உண்மையில் விரலைக் காட்டுவதில்லை. இந்த எலும்பின் ஏதோ ஓரிடத்தைக் காட்டுகின்றனர். ஆகவே நோவுள்ள இடத்தை ஒற்றை விரல்நுனியால் தொட்டுக் காட்டச் சொல்வதே ஆய்வின் முதற்படி. எலும்பு, தோல், நகம், விரலிடுக்கு, நரம்பு, குருதிக்குழாய் ஆகிய அனைத்தும் அந்தச் சிறு பரப்பில் நெருங்கிக் கிடக்கின்றன. எது நோகிறது என்றறியாமல் களிம்பு தடவிக்கொண்டிருப்பது பலருக்குக் காலக்கழிவு, சிலருக்கு விரலிழப்பு.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம். இருட்டில் கட்டில் காலிலோ நிலைப்படியிலோ இடித்துக்கொள்ளும்போது அடி பெரும்பாலும் சுண்டுவிரலுக்கே விழுகிறது. விரல் வெளிப்புறமாக விலகி, அதன் அடியெலும்பு முறியவும் கூடும். வீக்கம், கன்றிப்போதல், தொடவியலாத நோவு ஆகியவை வெறும் அடியிலும் உண்டு, முறிவிலும் உண்டு. விரலை அசைக்க முடிகிறதே, முறிவு இருக்காது என்று எண்ணுவது பிழை. முறிந்த விரலும் அசையும். ஊடுகதிர்ப் படமே ஐயத்தைத் தீர்க்கும்.

எலும்பு விலகாத எளிய முறிவுக்கு மருத்துவம் கடினமன்று. நான்காம் விரலையே துணைக்கோலாகக் கொண்டு, இரண்டுக்கும் இடையே பஞ்சு வைத்து, இரு விரல்களையும் ஒட்டுப்பட்டையால் சேர்த்துக் கட்டுவர். இடையில் பஞ்சு வைக்காவிட்டால் வியர்வையில் தோல் ஊறிப் புண்ணாகும். முதல் இரண்டு நாள்கள் துணியில் பொதிந்த பனிக்கட்டியைச் சிறிது சிறிது நேரம் ஒற்றுவதும், காலை உயர்த்தி வைப்பதும் வீக்கத்தைக் குறைக்கும். வளையாத அடித்தட்டுடைய செருப்பு அணிந்தால் ஒவ்வோர் அடியிலும் விரல் மடங்குவது தவிர்க்கப்படும். நான்கு முதல் ஆறு வாரங்களில் எலும்பு கூடிவிடும். வீக்கம் அதன் பின்னும் சில காலம் நிற்கலாம். எண்ணெய் விட்டு உருவுவதும், நெட்டி எடுப்பதும், மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுவதும் கூடா. இறுகிய கட்டு குருதியோட்டத்தைத் தடுத்து விரலையே சாகடிக்கும். விரல் கோணியிருந்தாலும், முறிவிடத்தில் தோல் கிழிந்திருந்தாலும், நகத்தின் அடியிலிருந்து குருதி கசிந்தாலும் வீட்டில் காத்திருக்கலாகாது. குழந்தைகளிடம் நகத்தடிக் கசிவு இன்னும் கவனத்திற்குரியது. அவர்களின் விரலெலும்பில் உள்ள வளர்ச்சித் தகடு நகத்தின் வேரையொட்டியே இருப்பதால், சிறு கிழிசல் வழியாகவும் நோய்க்கிருமி எலும்பை எட்டிவிடும்.

விரலுக்குப் பின்னுள்ள பாத எலும்பின் முறிவு வேறு வகையைச் சேர்ந்தது. அதன் வரலாற்றில் ஒரு மருத்துவரே நோயாளி. லிவர்ப்பூல் நகரின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் நடனமாடிக்கொண்டிருந்தபோது, குதிகால் தரையிலிருந்து எழும்பிய நிலையில் பாதத்தின் வெளிவிளிம்பில் ஊன்றிவிட்டார். பாதத்தின் நடுவில் ஏதோ விட்டுப்போனதை உணர்ந்தார். தசைநார் அறுந்துவிட்டதென்றே முதலில் அவர் கருதினார். ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது ஐந்தாம் பாத எலும்பு, அடியிலிருந்து ஏறத்தாழ முக்கால் அங்குலம் தள்ளி முறிந்திருந்தது. ராண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தது 1895-இல். அக்கதிர் அப்போது மருத்துவத்திற்குப் புதிது. நேரடியான அடி எதுவும் படாமல், பாதம் புரள்வதாலேயே இந்த எலும்பு முறியக்கூடும் என்பதை, தம் பாதத்தையும் வேறு சில நோயாளிகளையும் சான்றாகக் காட்டி 1902-இல் ஜோன்ஸ் எழுதி வெளியிட்டார். அவ்விடத்து முறிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அந்த முறிவு மெல்லவே ஆறும். இவ்வெலும்புக்குக் குருதி இரு வழிகளில் வருகிறது: ஒரு குழாய் நடுத்தண்டில் நுழைந்து பரவுகிறது, சிறு குழாய்கள் சில அடிப்புறத்திலிருந்து வருகின்றன. இரண்டும் தம் வலுக்குன்றி முடியும் எல்லைதான் ஜோன்ஸ் முறிவின் இடம். குருதி குறைந்த எலும்பு கூடுவதற்கு நெடுநாள் ஆகும். சிலருக்குக் கூடாமலே போகும். ஆதலால் ஆறு முதல் எட்டு வாரங்கள் அக்காலை ஊன்றாமல் மாவுக்கட்டில் வைப்பது வழக்கம். விரைவில் களம் திரும்ப வேண்டிய விளையாட்டு வீரர்களுக்கு எலும்பினுள் திருகாணி செலுத்தி இறுக்குகின்றனர். அதே எலும்பில் அரையங்குலம் பின்னே, அடிமுனையில் ஏற்படும் முறிவோ முற்றிலும் வேறானது. கணுக்கால் உட்புறம் பிசகும்போது, அம்முனையில் பற்றியுள்ள தசைநார் எலும்புத் துண்டொன்றைப் பிய்த்தெடுத்துவிடுகிறது. அங்கே குருதி நிறைவாக இருப்பதால் அது தானே ஆறுகிறது. நோவு பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு ஊன்றி நடக்கவும் இசைவர். அரையங்குல இடைவெளி மருத்துவத்தின் முழுப் போக்கையும் மாற்றிவிடுகிறது. கணுக்கால் பிசகியவரின் ஐந்தாம் பாத எலும்பின் அடியையும் அழுத்திப் பார்க்காமல் அனுப்பிவைப்பது குறையுள்ள மருத்துவம் என்பதே என் துணிபு. பத்து முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளின் படத்தில் அவ்விடத்தில் ஒரு கோடு தெரியும். அது வளர்ச்சிக் கோடு. எலும்பின் நீளவாக்கில் ஓடும். முறிவுக் கோடு குறுக்கே ஓடும்.

அடிபடாமலே நோகும் சுண்டுவிரல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காலணியே காரணம். மனிதப் பாதம் விரல்கள் இருக்கும் இடத்தில்தான் மிக அகலமானது. விற்கப்படும் காலணிகள் பல அவ்விடத்தில்தான் குறுகுகின்றன. வெளிக்கடையில் உள்ள விரல் நசுங்குகிறது. இடைவிடாத அழுத்தத்திற்கு விடையாகத் தோல் தடிக்கிறது. தடித்த தோலின் நடுவே கூம்பு போன்ற கரு உருவாகி உள்நோக்கி அழுத்துகிறது. இதுவே கால் ஆணி. விரலின் வெளிப்புறத்தில் வருவது கடினமாக இருக்கும். நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு இடையில் வருவது வியர்வையில் ஊறி வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். அதைப் பூஞ்சைப் புண் என்று பிழையாகக் கருதிக் களிம்பு தடவுவோர் பலர். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பாதக்கல்லால் தேய்த்தலும், சாலிசிலிக் அமிலம் சேர்ந்த ஒட்டுப்பட்டையும், விரலிடையில் வைக்கும் மெத்தைத் துண்டும் பயன் தரும். சவர அலகால் அறுப்பது தீங்கு. நீரிழிவு உள்ளவர்கள் அந்த அமிலப் பட்டையையும் தொடலாகாது. எவ்வளவு செய்தாலும் பழைய காலணியிலேயே காலை நுழைப்பவருக்கு ஆணி மீண்டும் வரும்.

விரலின் அடிமூட்டில் வெளிப்புறமாக எழும் புடைப்பும் காலணியோடு தொடர்புடையதே. மேலை நாடுகளில் தையற்காரர்கள் சம்மணமிட்டு, பாதத்தின் வெளிவிளிம்பு தரையில் அழுந்த நெடுநேரம் அமர்ந்திருந்தனர். அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டதால் தையற்காரர் புடைப்பு என்றே அதற்குப் பெயர். அகன்ற காலணியும் மெத்தையும் பெரும்பாலோர்க்குப் போதும். போதாதபோது எலும்பை வெட்டி நிமிர்த்தும் அறுவை உண்டு. பள்ளி திறக்கும் நாளில் சென்ற ஆண்டின் காலணியில் பிள்ளையின் காலைத் திணித்து அனுப்பும் பெற்றோர், அந்தக் காலணியைக் கழற்றி விரல்களை ஒருமுறை பார்ப்பது நல்லது.

நான்காம், ஐந்தாம் விரல்களின் இடுக்கு, பாதத்திலேயே மிக நெருக்கமான இடுக்கு. காற்றுப் புகாமல் ஈரம் தங்குவதால் சேற்றுப்புண் அங்கேதான் முதலில் தோன்றும். வயலில் நாற்று நடுவோர்க்கும் காலுறையைக் கழற்றாமல் பணிபுரிவோர்க்கும் இது பொதுவானது. குளோட்ரிமசோல், டெர்பினாபின் போன்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்புகள் இதை ஆற்றும். மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளர்த்துவிடும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். வெடித்த இடுக்கு நோய்க்கிருமிகளுக்கு வாயில். யானைக்கால் நோயுள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலும் கால் வீக்கமும் பெரும்பாலும் இந்த விரலிடுக்கு வழியாகவே தொடங்குகின்றன. நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஒவ்வோர் இடுக்கையும் ஈரம் போகத் துடைப்பதே அவர்களுக்குச் சொல்லப்படும் தலையாய மருத்துவம்.

விரலில் ஒன்றுமில்லாமலும் விரல் நோகும். கீழ்முதுகின் கடைசித் தட்டு பிதுங்கித் திருவெலும்பின் முதல் நரம்பு வேரை அழுத்தினால், பாதத்தின் வெளிவிளிம்பும் சுண்டுவிரலும் மரத்தும் எரிந்தும் நோகும். குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்பது கடினமாகும். முடக்குவாதம் பாதத்து எலும்பை அரிக்கத் தொடங்குவது பலருக்கு ஐந்தாம் பாத எலும்பின் தலையிலேயே. ஆகவே கைமூட்டு வீங்கியவரின் பாதத்தையும் படம் எடுக்கின்றனர். சுண்டுவிரலின் அடியைச் சுற்றிப் பள்ளம் விழுந்து, அது ஆழமாகி, விரலே தானாகக் கழன்றுவிடும் அரிய நோய் ஒன்றும் உண்டு. பிரேசிலின் பாயியா மாநிலத்தில் ஆப்பிரிக்க வழியினரிடம் அதைக் கண்டு 1867-இல் எழுதியவர் ட சில்வா லிமா.

குருதி குறைவதால் எழும் நோவு இவற்றினும் கொடியது. இரவில் படுத்தால் மிகும்; காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் தணியும். விரல் குளிர்ந்து, வெளிறி, பின் நீலமாகும். 1908-இல் லியோ பியூர்கர் விளக்கிய நாளநோய், பீடியும் சுருட்டும் புகைக்கும் இளைஞரின் கால்விரல்களைக் கருகச் செய்வது. புகையிலையை முற்றும் விடுவதொன்றே அதைத் தடுக்கும். நாளுக்கு ஒன்று என்று குறைப்பது பயனற்றது.

இத்தனை நோவுகளையும் சொன்னபின், நோவே இல்லாத விரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றே அன்று பலரும் நம்பினர். நோய் கொன்றது நரம்பை. உணர்விழந்த விரலை அழித்தவை அறியாமல் பட்ட காயங்களும் தீப்புண்களும் அழுத்தமுமே என்பதை அவர் காட்டினார். வேலூரிலும் அதனருகே உள்ள கரிகிரியிலும் அவருடைய குழுவினர் செருப்பையே மருந்தாக்கினர். நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு அங்கே பெரும்பயன் கண்டது. வலியை ஒரு கொடை என்றே பின்னாளில் அவர் நூலெழுதினார்.

அப்பாடம் இன்று நீரிழிவு உள்ள ஒவ்வொருவருக்கும் உரியது. நெடுநாள் நீரிழிவு பாதத்தின் நரம்புகளை மழுக்குகிறது. இறுகிய காலணி சுண்டுவிரலின் வெளிப்புறத்தைப் புண்ணாக்கினாலும் தெரிவதில்லை. காலுறையில் கறையைக் கண்ட பிறகே அறிகின்றனர். நண்பகலில் கோயில் பிரகாரத்தின் சுடுகல்லில் வெறுங்காலோடு வலம் வந்து பாதம் கொப்பளித்ததை மாலையில்தான் உணர்வோரும் உளர். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது உறைக்கிறதா என்று கேட்பதுதான் இதற்கான சோதனை. செலவற்றது, சில நிமிடங்களில் முடிவது. நீரிழிவு மருத்துவமனை எதிலும் இச்சோதனை ஆண்டுக்கொருமுறையேனும் விடுபடக்கூடாது. குருதிச் சர்க்கரையின் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு, நோயாளி செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடும் நிலை மாற வேண்டும்.

காலணி வாங்குவதானால் மாலையில் வாங்குங்கள். பகல் முழுதும் நடந்த பாதம் அப்போதுதான் சற்றே பெருத்திருக்கும். தாளின்மேல் நின்று பாதத்தின் வடிவை வரைந்து, காலணியை அதன்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அது உங்கள் காலுக்குரியதன்று. நீரிழிவு உள்ளவர்கள் இரவுதோறும் விரலிடுக்குகளைப் பாருங்கள்; குனிய இயலாதவர்கள் கண்ணாடி வைத்தோ வீட்டார் துணையாலோ பாருங்கள். சுண்டுவிரல் கறுத்தாலோ, குளிர்ந்தாலோ, சீழ் கட்டினாலோ, நோவு இல்லை என்பதற்காக மறுநாள்வரை பொறுக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.