சைக்கிள் தயார், சாலை தயாரா?

உடம்பு இளைக்க, காற்றைக் காப்பாற்ற என்று சைக்கிளுக்குச் சொல்லும் காரணமெல்லாம் மாநகரத்துக்காரர்களுடையது. ஜொகூரின் லாயாங் லாயாங் போன்ற சிற்றூரில் காரணம் எளிது: போகவேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஜொகூர் தோட்டங்களில் ஒரு காலத்தில் சைக்கிள்தான் குடும்ப வாகனம். விடியுமுன் பெரட்டுக்குப் போனதும், சம்பள நாளில் டவுனுக்கு வந்து சாமான் வாங்கியதும் அதில்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனோம். வாசலில் கப்சாய் மோட்டார் நின்றது. மானிய பெட்ரோல் 2025-இல் லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு இறங்கியது. காசு மிச்சம் என்று சொல்லி யாரையும் சைக்கிளில் ஏற்ற முடியாது.

வெயிலும் மழையும்தான் தடை என்பார்கள் சிலர். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் வெயில் இல்லையா? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போக முடிந்தது.

உண்மையான தடை பயம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி உரசுகிற மாதிரி கடந்து போகும் சாலையில், பத்து வயதுப் பிள்ளையை எந்தத் தாய் சைக்கிளில் அனுப்புவாள்? 2017 பிப்ரவரி 18 அதிகாலை, ஜொகூர் பாருவில் சைக்கிளோட்டிய எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தார்கள். பிரேக் இல்லாத சைக்கிள், நள்ளிரவுச் சாகசம் என்று அன்று நிறையப் பேசினோம். பிள்ளைகள் பகலில் பயமின்றி ஓட்ட ஓர் இடம் உண்டா என்று கேட்டவர்கள் குறைவு.

நெதர்லாந்தில் கேட்டார்கள். அங்கே 1971-இல் மட்டும் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாலையில் மாண்டார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அங்குள்ள சைக்கிள் பாதைகள் அதன் பிறகு பெருகியவை. இங்கே கோலாலம்பூரில் 2018-இல் சாலையோரம் நீலச் சாயம் பூசித் தடம் போட்டார்கள். கார்கள் அதில் வந்து நின்றன. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று 1970-களிலேயே தனித்தடம் போட்ட நாடு இது. செய்யத் தெரியாமல் இல்லை.

பாதுகாப்பாகச் சைக்கிளில் போக முடியாத பிள்ளை வீட்டில் உட்காராது. பதினாறு வயது நிறையுமுன்பே, லைசென்ஸ் இல்லாமல், அப்பாவின் மோட்டாரை எடுக்கும். அதுதான் என் கவலை.

லாயாங் லாயாங்குக்குப் பெரிய திட்டம் வேண்டாம். பள்ளி, கடைத்தெரு, ரயில் நிலையம் மூன்றையும் இணைத்து, கல்கட்டோடு ஒரு தனித்தடம் போதும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்.