நெற்களத்தை இறுக்கும் உருளையை வீட்டிலே செய்தல்

பெரும்போக வெள்ளாண்மை வெட்டு நடைபெறும் மாசி, பங்குனி மாதங்களிற் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களின் வீதியோரங்கள் நெல்லால் மூடப்பட்டிருப்பதை நீங்கள் ஆண்டுதோறும் காண்கிறீர்கள். அந்நெல் உங்களுடையதாகவும் இருக்கலாம். களம் இல்லாத கமக்காரர் தார் வீதியை நாடுவதிற் புதுமை ஒன்றும் இல்லை. ஆயினும் அதனால் ஏற்படும் நட்டம் எவ்வளவென்று கணக்கிட்டுப் பார்ப்போர் மிகச் சிலரே.

முன்னாளிற் கதிரை அறுத்து, உலரவிட்டு, சூடாகக் குவித்து, பின்னர் களவெட்டியில் எருமைகளைக் கொண்டு மிதிப்பித்தார்கள். நெல் சூட்டிலிருந்து இறங்கும்போதே பெரும்பாலும் காய்ந்திருந்தது. களவெட்டியின் நிலத்தையும் எருமைகளின் குளம்புகளே இறுக்கின. அதன்மேற் சாணமிட்டு மெழுகினார்கள். எருமைகளுக்குப்பின் உழவு இயந்திரத்தின் சில்லுகள் அவ்வேலையைச் செய்தன. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே வெட்டி, அடித்து, மூடைக்குள் இட்டுத் தருகின்றது. இதனாற் களவெட்டி தேவையற்றுப்போயிற்று என எண்ணி அதனைப் பலரும் கைவிட்டனர். ஆனால், இயந்திரம் தரும் நெல்லில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருப்பது வழக்கம். களஞ்சியத்தில் வைப்பதாயின் அது 14 பங்காகக் குறைதல் வேண்டும். ஆகவே நெல் காயவைக்கும் களம் முன்னரிலும் இப்பொழுதே அதிகமாகத் தேவைப்படுகின்றது.

வீதியிற் காயும் நெல்லிற் கல்லும் மணலும் கலக்கின்றன. வாகனச் சில்லுகளில் அகப்பட்டு மணிகள் நசிகின்றன. இவை கண்ணுக்குத் தெரியும் நட்டங்கள். தெரியாத நட்டம் வேறொன்று உண்டு. நண்பகலிற் தார் மிகுதியாகச் சூடேறுவதால் மணியின் புறப்பகுதி விரைவிற் காய்ந்து சுருங்க, உட்பகுதி ஈரமாகவே நிற்கும். அதனால் அரிசியில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. காய்ந்த நெல் இரவுப்பனியை மீண்டும் உறிஞ்சினாலும் இதுவே நிகழும். பச்சையரிசியாகக் குற்றும்போது அம்மணிகள் குறுணலாகின்றன. வீதியால் வருவோருக்கு, விசேடமாக இரவிலே துவிச்சக்கர வண்டியில் வருவோருக்கு, நேரும் ஆபத்தைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

100 கிலோ நெல்லை 20 பங்கு ஈரத்திலிருந்து 14 பங்குக்குக் காயவைத்தால் ஏறக்குறைய 93 கிலோ நிற்கும். குறைந்த 7 கிலோவும் வெறும் நீரே. அதனை நட்டமாகக் கருதி ஈரநெல்லை மூடையிற் கட்டிவைப்பவர் பின்னர் பூஞ்சணத்துக்கும் சூடேறிய நெல்லுக்கும் வழி திறக்கின்றார்.

ஆயிரம் கிலோ நெல்லை 3 சென்ரிமீற்றர் கனத்திற் பரப்புவதற்கு 20 அடி அகலமும் 31 அடி நீளமும் கொண்ட களம் போதும். இதனை வளவிலேயே அமைக்கலாம். எருமை இல்லாத இக்காலத்தில் நிலத்தை இறுக்குவதற்கு ஓர் உருளை வேண்டும். பாடசாலை மைதானங்களிற் கிரிக்கெட் ஆடுகளத்தின்மேல் இழுக்கப்படும் உருளையை நீங்கள் கண்டிருப்பீர்கள். நாம் செய்யப்போவதும் அத்தகையதே, அளவிற் சிறியது.

முழுத் தார்ப் பீப்பாவைக் கொங்கிறீற்றால் நிரப்பி உருளை செய்ய எண்ணாதீர்கள். அதன் பாரம் 500 கிலோ அளவில் வரும். நான்கு ஆட்கள் சேர்ந்தாலும் அதனை இலகுவில் இழுக்க இயலாது. 16 அங்குல விட்டமும் 20 அங்குல நீளமும் உள்ள உருளை 150 கிலோ வரை நிறுக்கும். இரண்டு ஆட்கள் இழுப்பதற்கு இதுவே தக்க அளவு.

இதற்கு 50 கிலோ சீமெந்து மூடையில் அரைவாசி போதுமானது. 53 அங்குல நீளமும் 20 அங்குல அகலமும் உள்ள தகரமொன்றை, ஓரங்கள் ஈரங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வளைத்து, மூன்றிடங்களிற் கம்பியாற் கட்டுங்கள். உட்புறத்தில் எண்ணெய் பூசுங்கள். ஈரக் கொங்கிறீற்றின் பாரத்தால் தகரம் பிதுங்கும். எனவே அதனை நிலத்தில் வெட்டிய குழிக்குள் ஒரு பலகைமேல் நிறுத்தி, சுற்றிலும் மணலிட்டு இறுக்குதல் நன்று. கடற்கரைப் பக்கத்திலுள்ளவர்களுக்கு இது மிக இலகு. ஆனால் அந்த மணலைக் கொங்கிறீற்றிற் கலத்தல் ஆகாது. உப்பு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆற்றுமணலையே வாங்குங்கள்.

நடுவில் ஒன்றேகால் அங்குலக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துதல் வேண்டும். இரு பக்கமும் அரை அங்குலம் வெளியே நீளும்படி அது 21 அங்குலம் இருக்கட்டும். கீழ்நுனி பலகையிலுள்ள துளையிலும், மேல்நுனி குறுக்குச் சட்டத்தின் துளையிலும் அசையாது நிற்கவேண்டும். குழாயில் இரண்டு மூன்று இடங்களிற் துளையிட்டுக் குட்டையான கம்பிகளைக் குறுக்கே செருகினால் அது கொங்கிறீற்றுக்குள் வழுகாது. குழாய் நடுவிலிருந்து விலகினால் உருளையின் ஒரு பக்கம் பாரமாகி, இழுக்கும்போது துள்ளும். பின்னர் திருத்த வழியில்லை. ஆகையால் வார்க்குமுன் நான்கு புறமும் அளந்து பாருங்கள்.

ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குலச் சல்லி என்ற அளவிற் கலந்து, நாலங்குலக் கனத்தில் ஒவ்வோர் அடுக்காக இட்டுத் தடியாற் குத்தி இறுக்குங்கள். நீர் அதிகமானாற் பலம் குறையும். இரண்டு நாட்களின்பின் தகரத்தை அகற்றி, ஈரச்சாக்குகளாற் போர்த்து இரண்டு வாரம் காயாது காத்தல் வேண்டும். அதற்குமுன் இழுக்க அவசரப்படாதீர்கள். பின்னர் ஓரங்குல உருக்குக் கம்பியைக் குழாயினூடாகச் செலுத்தி, வைரமான ஐந்தடி மரச்சட்டங்கள் இரண்டை அதன் நுனிகளிற் பூட்டி, உருளைக்குச் சற்று முன்னே ஒரு குறுக்குச் சட்டமும் கைப்பிடிக்கு மற்றொன்றும் பொருத்திக்கொள்ளலாம். ஊர் ஓடாவி ஒருவர் இதனை அரைநாளிற் செய்துவிடுவார்.

உருளை செய்து முடித்தவர்களுட் சிலர், களம் இறுகவில்லையென்று மேலும் பாரமான உருளையைத் தேடுவதுண்டு. குற்றம் உருளையில் அன்று, மண்ணிலேயே உள்ளது. கடலோரத்து மணல் எவ்வளவு உருட்டினாலும் கட்டுப்படாது. வயற்களி உலர்ந்ததும் வெடிக்கும். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு அல்லது ஒன்றரைப் பங்கு களி சேர்ப்பது நல்ல கலவை. புற்றுமண் கிடைத்தால் களிக்குப் பதிலாக உதவும். கடற்கரையில் வளவு உள்ளவருக்கு மேற்கே கரைவாகு வட்டையின் களி வேண்டும். வட்டைக்கு அருகில் உள்ளவருக்குக் கடற்கரைப் பக்கத்து மணல் வேண்டும். இரண்டுக்குமிடையே தூரம் அதிகமில்லை. ஒரே பெட்டியில் மாறி மாறி ஏற்றிக்கொள்ளலாம்.

மண்ணின் ஈரத்தைக் கையாற் சோதியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும். விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடையவேண்டும். உருளையில் மண் ஒட்டினால் ஈரம் அதிகம், அரைநாள் பொறுத்திருங்கள். தூளாய் உதிர்ந்தால் நீர் தெளியுங்கள்.

புல்லையும் மேல்மண்ணையும் நாலங்குலம் அகற்றியபின் கலவையை மூன்றங்குலக் கனத்திற் பரப்பி உருட்டுங்கள். ஓரங்களிற் தொடங்கி நடுவை நோக்கிச் செல்க. ஒவ்வொரு முறையும் முன்சென்ற தடத்தின் பாதியை மூடிச் செல்லவேண்டும். எட்டு அல்லது பத்துத் தடவையில் குதிக்காலின் அடையாளம் பதியாத நிலை வரும். அதன்மேல் இன்னோர் அடுக்கு இடுக. மழைநீர் வடிவதற்கு 20 அடி அகலத்துக்கு 5 அங்குலம் சரிவு விட்டு, சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டுங்கள். நெல்லை இந்நிலத்தில் நேரே கொட்டாது படங்கு விரித்து அதன்மேற் பரப்பி, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கிளறி, மாலையில் குவித்து மூடுதல் வேண்டும்.

கீரை முதலிய சிறுவிதைகளை மணற்பாங்கான பாத்தியில் விதைத்தபின் மண் விதையைப் பற்றிக்கொள்ளும்படி இலேசாக அழுத்துவது உண்டு. அதற்கு இவ்வுருளையைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு பலகையே போதும். ஈரக் களிநிலத்திலுள்ள மரக்கறிப் பாத்தியில் எந்த உருளையையும் ஏற்றலாகாது. இறுகிய மண்ணில் வேர் இறங்காது.

வேலை முடிந்ததும் உருளையைச் சமநிலத்தில் நிறுத்தி, இரு புறமும் கல் அல்லது மரக்கட்டை வையுங்கள். சிறுவர் அதன்மேல் ஏறி விளையாட இடங்கொடாதீர்கள். அச்சுக்கு ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் கிறீஸ் இடுங்கள். கடற்காற்றில் இரும்பு விரைவிற் துருப்பிடிக்கும்.