கானமயிலும் தரிசு நிலமும்: மாநிலப் பறவை எனும் சின்னம் பற்றி

தமிழ்நாட்டுக்கு மரகதப்புறா, கேரளத்துக்கு மலை இருவாட்சி, இராஜஸ்தானுக்குக் கானமயில் என இந்திய மாநிலங்கள் தத்தமக்குரிய பறவைகளை அரசாணை வழியே சின்னங்களாக ஏற்றுள்ளன. இத்தெரிவுகளைப் பாடநூற் செய்திகளாகக் கற்று மறந்துவிடுவதே வழக்கம். பிரதேச அடையாளத்தை அரசு வடிவமைக்கும் முறைகளுள் ஒன்றாக இவற்றை நோக்குவதே பொருத்தமாகும் என நாம் கருதுகின்றோம்.

பனங்காடையின் வரலாறு இதற்குச் சான்று. பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தின் பறவையாயிருந்த அதனை, 2014இல் உருவான தெலுங்கானா தனதாக்கிக்கொண்டது. தசராத் திருநாளில் அதனைக் காண்பது நற்சகுனம் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. ஆந்திரம் 2018இல் பச்சைக்கிளிக்கு மாறியது. (மலை இருவாட்சியைக் கேரளமும் அருணாசலப் பிரதேசமும் பிணக்கின்றிப் பகிர்ந்து வருகின்றன என்பதையும் இங்கு நினைவுகொள்ளலாம்.) 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும், திருநாளன்று காட்டிக் காசு பெறுவதற்காகப் பனங்காடைகள் பிடிக்கப்பட்டுக் கூண்டில் அடைக்கப்படுவதுண்டு. போற்றுதலே பறவைக்குச் சிறையாகிவிடுகின்றது.

எனினும், சின்னத்துக்கும் உயிருக்கும் இடையிலான முரண்பாடு முற்றாக வெளிப்படுவது கானமயிலிலேயே. ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரமும், ஆண் பறவையாயின் பதினைந்து கிலோகிராம் வரை எடையும் கொண்டது இது. பறக்க வல்ல பறவைகளுள் மிகப் பாரமானவற்றுள் ஒன்று. புல்வெளியில் நிலத்தின்மீதே, பெரும்பாலும் ஒரேயொரு முட்டையை இடும். இந்தியாவின் தேசியப் பறவையாக இதனையே தெரிவுசெய்ய வேண்டுமென்று பறவையியலறிஞர் சாலிம் அலி வாதிட்டார். 1963இல் அப்பெருமை மயிலுக்குப் போயிற்று. இராஜஸ்தான் 1981இல் இதனை மாநிலப் பறவையாக அறிவித்தது. ஆயின், 2011இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்த நேர்ந்தது. இன்று காடுகளிலும் வெளிகளிலும் எஞ்சியிருப்பவை நூற்றைம்பதுக்கும் குறைவு என மதிப்பிடப்படுகின்றது.

இவ்வீழ்ச்சிக்கு வேட்டையை மட்டும் காரணங்காட்டுதல் போதாது. கானமயில் வாழும் வறள்புல்வெளி, குடியேற்றகால வருவாய்த்துறை மரபின்படி 'தரிசு'. மரமில்லாத, வரி தராத நிலம் பயனற்ற நிலமெனக் கொள்ளப்பட்டது. அந்நிலத்திலேயே ஆடுமாடு மேய்த்து வாழும் மக்களின் உழைப்பும் அவ்வேட்டில் இடம்பெறவில்லை. சுதந்திரத்தின் பின்னரும் வகைப்பாடு மாறவில்லை. கால்வாய்ப் பாசனம் புல்வெளியை வயலாக்கியது. அண்மைக் காலத்தில் காற்றாலைகளும் சூரிய மின்னுற்பத்தி நிலையங்களும் அதே 'தரிசை' நாடி வந்தன. கானமயிலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்தவை. நேர் எதிரேயுள்ள மெல்லிய கம்பியை அது உரிய தூரத்தில் காண்பதில்லை. கண்டாலும் பாரமான உடலைச் சட்டெனத் திருப்ப இயலாது. உயரழுத்த மின்கம்பிகளில் மோதி இறத்தலே வளர்ந்த பறவைகளுக்கு இன்றுள்ள பேராபத்து.

2021 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் மின்கம்பிகளை இயன்றவரை நிலத்தடியில் பதிக்குமாறு பணித்தது. அது நடைமுறைச் சாத்தியமற்றது, தூய மின்சார இலக்குகளைப் பாதிக்கும் என்று ஒன்றிய அரசு வாதிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் தன் ஆணையைத் தளர்த்தி நிபுணர் குழுவொன்றை நியமித்தது. கரிப்புகையற்ற மின்சாரத்தின் தேவையை நாமும் மறுக்கவில்லை. அதன் சுமையை எந்த நிலம், எவருடைய நிலம் தாங்குகின்றது என்பதே வினா.

இவ்வினாவை ஜெய்சல்மேர் மாவட்டத்தின் மேய்ச்சல் மக்களே முதலில் எழுப்பினர். தெய்வத்தின் பெயரால் மரம் வெட்டாது தலைமுறைகளாகப் பேணப்படும் 'ஓரண்' நிலங்கள் அவர்களுடையவை. அவற்றுட் பல அரசு ஏடுகளில் ஓரண் எனப் பதியப்படவில்லை. தேக்ராய் ஓரணில் மின்கம்பிகள் சென்றபோது மக்கள் எதிர்த்து நின்றனர். பறவையின் புகலிடமும் கால்நடையின் மேய்ச்சலும் அங்கே ஒன்றே.

ஜெய்சல்மேரை அடுத்த சாம் என்னுமிடத்தில் 2019 முதல் கானமயில்கள் காப்பிடத்தில் வளர்க்கப்படுகின்றன. 2024இல் செயற்கைமுறைக் கருவூட்டலால் முதற்குஞ்சும் பொரித்தது. குஞ்சுகள் பெருகுகின்றன. அவற்றைத் திறந்துவிடுவதற்குரிய புல்வெளியோ ஏடுகளில் இன்னும் தரிசாகவே உள்ளது.