வைஃபை இருக்கு, நெட் வரலையா?



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கரண்டு கம்பங்கள் சாய்ந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் கரண்டு வந்துவிட்டால் நெட்டும் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கம்பம் நட்டாலும், அதில் தொங்கிய நெட் ஒயரைத் தனியாகத்தான் ஒட்ட வேண்டும்.

போனில் வைஃபை குறி முழுசாகத் தெரியும், ஆனால் எதுவும் திறக்காது. ஏன்? வைஃபை என்பது உங்கள் போனுக்கும் வீட்டு ரவுட்டர் பெட்டிக்கும் உள்ள தொடர்பு மட்டும்தான். குழாய் நன்றாக இருந்தும் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லாத கதைதான் இது.

முதலில் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, ஒயர் வழியாக ஒளி வரவில்லை என்று அர்த்தம். பீரோவுக்குப் பின்னால் ஒயர் மடங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், தெருவில் அறுந்திருக்கலாம். மடங்கியிருந்தால் மெதுவாக நிமிர்த்துங்கள். ஒயரின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்கு ஆகாது. அறுந்திருந்தால் நூறு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் வராது. "பெட்டி போச்சு, புதுசு வாங்குங்க" என்று யாராவது சொன்னால் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், புதுப் பெட்டியிலும் வராது.

சிவப்பு விளக்கு இல்லையா? மாதக் கட்டணம் முடிந்துவிட்டதா பாருங்கள். கட்டியிருந்தால் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டு, ஐந்து நிமிடம் பொறுங்கள். மற்ற போன்களில் வந்து ஒன்றில் மட்டும் வராவிட்டால் கோளாறு அந்தப் போனில்தான்.

பின்பக்கம் ஊசித் துளை மாதிரி ஒரு 'ரீசெட்' பட்டன் இருக்கும். பிள்ளைகளைக் குத்த விடாதீர்கள். பெட்டியில் பதிந்து வைத்த விவரமெல்லாம் அழிந்து, ஆள் வந்துதான் மறுபடி போட வேண்டியிருக்கும்.

புகார் செய்யும்போது வெறுமனே "நெட் வரலை" என்று சொல்லாமல், "எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது" என்று சொல்லுங்கள். ஒயர் வேலை என்று அவர்களுக்கு உடனே புரியும். புகார் எண்ணைக் கேட்டு, தேதியோடு குறித்து வையுங்கள். நாள் கடத்தினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அன்றைக்கே தவணை கட்டவோ, குழுக் கணக்கை ஏற்றவோ வேண்டுமென்றால் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் டேட்டாவில் முடித்துவிடுங்கள்.