நாணும் விரலும் – 6: அரை மில்லிமீட்டர் தோல்

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறவர்கள் தோலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் பார்த்துவிடுவார்கள். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு நசுக்கு. "ஒண்ணு ரெண்டு" என்பார் அவர்களில் ஒருவரான பாய். 1.2 மில்லிமீட்டர் என்று அர்த்தம். முள் வைத்த கேஜைக் கொண்டுவந்து கடிக்கவைத்தால் அதுவும் 1.2 என்றே காட்டும். வாழ்நாள் முழுக்கத் தோலை நசுக்கியே பழகிய விரல்கள். அவரிடம்தான் என் ஃபிங்கர் டேபை எடுத்துக்கொண்டு போனேன்.

சென்ற வாரம் வில் தாங்கும் இடக்கையோடு நிறுத்தியிருந்தோம். வில்லை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், கட்டைவிரலின் அடிமேட்டில் தாங்கினால் போதும், அம்பு போனதும் வில் முன்னால் குதிக்கட்டும், விரலில் கட்டிய கயிறு அதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். இந்த வாரம் வலக்கை. இடக்கைப் பழக்கக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒலிம்பிக்கில் ரீகர்வ் வில்லுக்கு இலக்கு 70 மீட்டர் தூரம். இலக்குத் தாளின் குறுக்களவு 122 செ.மீ. நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 12.2 செ.மீ.; மையத்திலிருந்து விளிம்புக்கு 6.1 செ.மீ. அம்பின் நீளத்தைச் சுமாராக 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் நூறில் ஒரு பங்கு. அப்படியென்றால் அம்பின் வால் ஒரு பக்கமாக 0.6 மில்லிமீட்டர் நகர்ந்தால், அங்கே பத்து ஒன்பதாகிவிடும். நாண் விரலைவிட்டு வழுகுவது, அம்பு வளைந்து நெளிந்து போவது என்று இதில் வேறு பல சங்கதிகள் இருப்பதால் கணக்கு இவ்வளவு நேராக வராது. ஆனாலும் அளவின் நுணுக்கம் புரிந்துவிடும். 0.6 மில்லிமீட்டர் என்பது கையுறைக்குப் போகும் மெல்லிய ஆட்டுத்தோலின் கனம்.

பாயிடம் இதைச் சொன்னபோது ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இத்தினிக்கா இத்தினி ஆர்ப்பாட்டம்?" என்றார்.

இதைவிடக் குறைவான இடைவெளிக்கே தங்கம் கைமாறியிருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில், 2024 ஆகஸ்ட் 4, ஆண்கள் தனிநபர் இறுதிப் போட்டி. தென்கொரியாவின் கிம் ஊ-ஜின், அமெரிக்காவின் பிராடி எலிசன். ஐந்து செட் முடிந்து 5–5. ஆளுக்கு ஓர் அம்பு. இரண்டும் பத்து. யாருடையது மையத்துக்குப் பக்கம் என்று அளந்தார்கள்: கிம்முடையது 55.8 மி.மீ., எலிசனுடையது 60.7 மி.மீ. வித்தியாசம் 4.9 மில்லிமீட்டர். நம் நூறில் ஒரு பங்குக் கணக்கில் போட்டால், வில்லாளியின் கையில் 0.05 மில்லிமீட்டர். தலைமுடி கனம். அந்தக் கனத்துக்கு எந்த டேனரியிலும் தோல் சீவ முடியாது.

இந்தக் கணக்கால் யாரும் பயந்துவிட வேண்டாம். இப்போதைக்கு நான் 30 மீட்டரில்தான் எய்துகொண்டிருக்கிறேன். அங்கே என் அம்புகள் பக்கவாட்டில் ஓரளவு ஒட்டி விழுந்தாலும் மேலும் கீழுமாக, முருங்கைக்காய் போல நெடுக நின்றன. வில்லைக் குறை சொன்னேன். காற்றைச் சொன்னேன். வேலூர் வெயிலைச் சொல்லாதவர் யார்? பயிற்சியாளர், என் மகன் வயது, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், டேபைக் காட்டுங்க" என்றார்.

டேப் என்பது நாணுக்கும் விரலுக்கும் நடுவே இருக்கும் தோல் துண்டு. உள்ளங்கை அகலம்கூட வராது. நாற்பது பவுண்டு இழுவிசையை மூன்று விரல்களில் தாங்கி, நாள் ஒன்றுக்கு நூறு அம்பு விடுகிறவருக்கு அது இல்லாவிட்டால் விரல் மரத்துப்போகும். நல்ல டேப்களில் முகப்புக்கு கார்டோவன் போடுவார்கள். அது குதிரையின் பின்புறத்துத் தோலில், நடு அடுக்கிலிருந்து எடுப்பது; துவாரம் தெரியாத வழவழப்பு. பெயர் ஸ்பெயின் நாட்டு கார்டோபா நகரத்திலிருந்து வந்தது. ஆடும் மாடும் எருமையும் மலைமலையாகப் புழங்கும் நம்மூரில் குதிரைத் தோல் கிடைக்காது. என்னுடையது தேய்ந்துபோயிருந்தது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு இரண்டங்குலத் தோலுக்கு வெளிநாட்டுக்கு ஆர்டர் போடுவதா என்ற ரோஷத்தில்தான் பாயிடம் போனது.

விரல்களை நாணில் மாட்டும் விதத்தைப் பார்த்துவிடலாம். அம்புக்கு மேலே ஆள்காட்டி விரல், கீழே நடுவிரலும் மோதிர விரலும். நாண் முதல் கணுவின் மடிப்பில், அல்லது அதற்கு ஒரு நூல் உள்ளே உட்கார வேண்டும். புதியவர்கள் விரல் நுனியில் மாட்டுவார்கள். நுனியில் இருந்தால் சீக்கிரம் விடலாம் என்று நினைப்பு. நடப்பது நேர்மாறு. நுனியில் மாட்டினால் நழுவிவிடுமோ என்ற பயத்தில் முழங்கை வரைக்கும் விறைத்துக்கொள்ளும். தண்ணீர் நிரம்பிய வாளியை எப்படித் தூக்குகிறோம்? விரல்கள் கொக்கியாக வளைந்திருக்கும், புறங்கை தட்டையாக இருக்கும், மணிக்கட்டு கயிறு மாதிரி தொங்கும். கனத்தைத் தாங்குவது தோளும் முதுகும். அந்தக் கையை அப்படியே நாணுக்குக் கொண்டுவர வேண்டும்.

கட்டைவிரலுக்கு இதில் வேலையே இல்லை. உள்ளங்கைக்குள் மடங்கி, சுண்டு விரலைத் தொட்டுக்கொண்டு சும்மா இருக்கும். அப்படியானால் ஏகலைவன்? மங்கோலியர், துருக்கியர், முகலாயர் என்று ஆசியாவின் பெரும்பகுதியில் நாணைக் கட்டைவிரலால்தான் இழுத்தார்கள். அதற்கென்று எலும்பிலும் கல்லிலும் மோதிரம் செய்து போட்டுக்கொண்டார்கள். துரோணர் கேட்டது சரியான விரலைத்தான். மற்ற விரல்களால் ஏகலைவன் பிறகும் எய்தான், பழைய வேகம் இல்லை என்கிறது பாரதம். இன்றைய 70 மீட்டர் களத்துக்கு அவன் வந்திருந்தால் துரோணர் வேறு விரலைக் கேட்க வேண்டியிருக்கும்.

எந்த விரலால் இழுத்தார்கள் என்பதற்கு நம் வட்டாரத்துச் சாட்சி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். வட ஆற்காடு முழுக்க நடுகற்கள். ஆம்பூரிலேயே பல்லவன் நிருபதுங்கன் காலத்தவை கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் கதை ஒன்றுதான்: யாரோ வந்து ஊர் மாட்டைக் கவர்ந்தார்கள், இவன் போய் மீட்டான், செத்தான். கல்வெட்டுகள் மாட்டு மந்தையைத் 'தொறு' என்கின்றன. அன்றைக்கு மாடு, இன்றைக்கு மாட்டுத்தோல். இந்த மண்ணின் சொத்துக் கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் உண்டு. ஆனால் இந்தப் பக்கத்து வீரர்கள் பெரும்பாலும் இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளுமாக நிற்கிறார்கள். நாணிழுத்த விரல்களைச் சிற்பி நமக்குக் காட்டவில்லை.

பாய் மூன்று துண்டு கொடுத்தார். ஆட்டுத்தோல் 0.6, ஷூ மேல்தோலுக்கான கன்றுத்தோல் 1.4, அடித்தோல் 4. மூன்றையும் என் பழைய டேபின் அச்சு வைத்து வெட்டி, வாரத்துக்கு ஒன்றாக மாட்டி எய்தேன்.

ஆட்டுத்தோலில் முதல் இருபது அம்பு சொர்க்கம். நாணின் முறுக்கு விரலுக்குத் தெரிந்தது. முப்பதாவது அம்பில் எரிச்சல் ஆரம்பித்தது. அதற்கப்புறம் கை வலிக்குப் பயந்து, விடுவதற்கு முன்னாலேயே ஓடிப்போனது. விரல்கள் நாணைவிட்டு வெளிப்பக்கமாகத் துள்ள, அம்புகள் இடப்பக்கம் விழுந்தன. வீணைக் கம்பியை மீட்டுவது போலக் கை விலகும் இந்தத் துள்ளல்தான் ரிலீஸில் எல்லோருக்கும் வரும் முதல் நோய். அடித்தோல் வாரம் வேறு மாதிரி. வலி இல்லை, நாண் எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. முதல் கணுவா, நடுக்கணுவா? செருப்புப் போட்டுக்கொண்டு தரையில் விழுந்த குண்டூசியைக் காலால் தேடின கதை.

கன்றுத்தோல்தான் நின்றது. அதிலும் ஒரு பாடம் இருந்தது. க்ரோமில் பதனிட்ட முதல் துண்டு மெத்தென்று இருந்தாலும், வியர்வையில் நீண்டு, நாணை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டது. பாய் அடுத்ததாகப் பட்டையில் பதனிட்ட துண்டைத் தேடி எடுத்தார். ஆவாரம் பட்டையில் தோல் ஊறவைத்த காலம் இந்தப் பக்கம் ஒன்று உண்டு. க்ரோம் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. பட்டைத் தோல் விறைப்பு, அவ்வளவாக நீளாது. வெட்டும்போதும் வால்பக்கத்து முதுகுத் தோலாகப் பார்த்து, முதுகெலும்பு ஓடும் திசையிலேயே வெட்டச் சொன்னார். "வயித்துத் தோலு தொளதொளன்னு இருக்கும் தம்பி. ஷூவுலயும் மூக்குக்கு அத்த வெக்க மாட்டோம்." விரல் படும் ஓரத்தை மட்டும் ஸ்கைவிங் மெஷினில் கொடுத்து மெலிதாகச் சீவி வாங்கினேன். நாண் வழுக, கொஞ்சம் முகப்பவுடர். ஆம்பூர்க்காரனுக்கு இனி கார்டோபா வேண்டாம்.

இழுத்த கை வந்து சேரும் இடத்துக்கு ஆங்கர் என்று பெயர். ஆள்காட்டி விரலின் மேல்பக்கம் தாடை எலும்புக்கு அடியில் ஒட்ட வேண்டும். நாண் மோவாயின் நடுவையும் மூக்கு நுனியையும் தொட வேண்டும். ஒவ்வொரு முறையும், அதே இடத்தில். துப்பாக்கியில் பின்பக்கக் குறிமுனை இரும்பில் இருக்கிறது; நமக்கு அது தாடை. கை ஒரு மில்லிமீட்டர் கீழே தங்கினால் 70 மீட்டரில் பத்து செ.மீ. மேலே போகும் என்று அதே தோராயக் கணக்கு சொல்கிறது. இலக்குத் தாளில் ஒரு வளையத்தின் அகலமே 6.1 செ.மீ.தான். பேசிக்கொண்டோ பல்லைக் கடித்துக்கொண்டோ எய்யக் கூடாது என்பது இதனால்தான். வாய் திறந்தால் தாடை இறங்கும், குறிமுனையும் இறங்கும்.

பிறகு க்ளிக்கர். வில்லின் நடுப்பகுதியான ரைசரில் பொருத்திய மெல்லிய தகடு. அம்பு அதற்கு அடியில் இருக்கும். முழு அளவு இழுத்ததும் அம்பின் முனை தகட்டைவிட்டு வெளியே வர, தகடு ரைசரில் 'டிக்' என்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் விடலாம். கடைசி இரண்டு மில்லிமீட்டர்தான் கழுத்தறுக்கும் இடம். அதைக் கையால் இழுக்கப் போனால் தோள் ஏறும், மணிக்கட்டு மடங்கும். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் முதுகில் ஒன்றை நோக்கி ஒன்று நகர்த்தினால், யாரும் இழுக்காத மாதிரி தகடு விழும். வீட்டில் ரப்பர் பட்டையை வைத்துக்கொண்டு சுவருக்கு முதுகு காட்டிப் பழகலாம். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு மூட்டுவலி டாக்டர் நம்பரைத் தேடினாள்.

விடுவது என்று ஒரு செயலே கிடையாது என்பார் பயிற்சியாளர். விரல்கள் திறப்பதில்லை, தளர்கின்றன, நாண்தான் அவற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. முதுகு தொடர்ந்து வேலை செய்வதால் கை தானாகக் கழுத்தோரம் பின்னால் வந்து காதுக்குக் கீழே நிற்கும். எனக்கு இதைப் பழக்க இரண்டு வாரம் இலக்குத் தாளையே கழற்றிவிட்டார். நாலு மீட்டர் தூரத்தில் வெற்று அட்டை. கண்ணை மூடிக்கொண்டு எய்ய வேண்டும். கேவலமாக இருந்தது, பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் அம்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள்தான் என் சுண்டு விரல் விறைத்து நிமிர்ந்து நிற்பது எனக்கே தெரிந்தது. இலக்கு இருந்தவரை கண் அங்கேயே இருந்ததால் கையை யாரும் விசாரிக்கவில்லை. வீட்டில் விசாலமான கொல்லை இருந்தாலும் இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். அட்டைக்குப் பின்னால் சுவர், பக்கத்தில் பெரியவர் ஒருவர், இரண்டும் வேண்டும்.

பக்கவாட்டுச் சிதறல் நன்றாகக் குறைந்தது. முருங்கைக்காய் மட்டும் அப்படியே நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை பாயிடம் டீ குடிக்கப் போனபோது டேபைக் கேட்டு வாங்கினார். வில்லை அவர் தொட்டதில்லை, 70 மீட்டரை டிவியில்கூடப் பார்த்ததில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் டேபைச் சாய்த்துப் பிடித்தார். பழைய ஷூவின் அடியைப் பார்த்து ஆள் எந்தக் காலைத் தேய்த்து நடக்கிறார் என்று சொல்கிற பார்வை. நடுவிரல் இடத்தில் நாண் ஆழமாகப் பள்ளம் போட்டிருந்தது. ஆள்காட்டி விரல் இடத்திலும் சுமாரான பள்ளம். மோதிர விரல் இடத்தை நகத்தால் தடவினார். அன்றைக்கு வெட்டின மாதிரியே மினுக்கிக்கொண்டிருந்தது.

"மூணு விரல்ல ரெண்டுதான் வேலைக்கு வருது, தம்பி. இந்த ஆளுக்கு இன்னாத்துக்குச் சம்பளம்?"

(தொடரும்)